வெறுங்காதும் வேப்பங்குச்சியும்

எங்கள் வட்டாரத்துச் சபைகளில் ஆறு வாரமாக ஒரு துண்டுப் புத்தகம் கைமாறிக்கொண்டிருக்கிறது. பதினாறு பக்கம், விலை போடவில்லை. எழுதியவர் ஒரு போதகர். பெயரை நான் சொல்லப்போவதில்லை; இப்போது சேர்ந்திருக்கும் கூட்டமே அவருக்குப் போதும். அவர் சொல்வது இதுதான்: மெய்யான ஆராதனைக்காரரைக் கண்டுபிடிக்க அதிகம் மெனக்கெட வேண்டாம், பார்த்தாலே தெரியும். காதிலும் கழுத்திலும் பொன் இருக்காது, நெற்றியில் பொட்டு இருக்காது, கொண்டையில் பூ இருக்காது, ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்தியிருப்பார். இந்த அடையாளம் இல்லாதவர் பாடுவது வெறும் சத்தம். அவருக்குத் திருவிருந்தில் பங்கு கொடுக்கக் கூடாது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் ஜெபிக்கவும் கூடாது.

பதினாறு பக்கத்தில் ஆண்களுக்கு ஒதுக்கியிருப்பது ஏழு வரி. எண்ணிப் பார்த்தேன். மோதிரம் போடாதே, சங்கிலி போடாதே, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பெண்களுக்கு.

நான் சி.எஸ்.ஐ. சபைக்காரன். வேறு சபைப் போதகர் எழுதியதற்கு நீ ஏன் வரிந்து கட்டுகிறாய் என்று கேட்கலாம். எங்கள் சபைப் பெண்கள் மூன்று பேர் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ இத்தனை வருஷமா நாங்க பண்ணுனது ஆராதனை இல்லையா?" என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் நாற்பது வருஷமாக, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்துக் கோயிலுக்குக் கொண்டுவருகிறவர். பிடியரிசிக் காணிக்கை என்றால் திருநெல்வேலிப் பக்கம் தெரியாதவர் இல்லை. புகை மண்டிய அடுப்பங்கரையில், காலை வேளை அவசரத்தில், அதை யாரும் பார்ப்பதில்லை. அவர் காதில் சின்னதாக ஒரு கம்மல் கிடக்கிறது. போதகரின் கணக்குப்படி நாற்பது வருஷத்துப் பிடியரிசியும் அந்த ஒரு ஜோடிக் கம்மலால் தீட்டாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

முதலில் வசனத்துக்கு வருவோம். போதகரின் பெரிய ஆயுதம் பேதுருவின் முதல் நிருபம், மூன்றாம் அதிகாரம், மூன்றாம் வசனம். புத்தகத்தில் நான்கு இடத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். அந்த வசனம் மூன்று காரியங்களைச் சேர்த்துச் சொல்கிறது: மயிரைப் பின்னுவது, பொன் அணிவது, ஆடை உடுத்துவது. உங்கள் அழகு இவற்றில் இருக்க வேண்டாம், உள்ளத்தின் சாந்தத்தில் இருக்கட்டும் என்பது அப்போஸ்தலன் சொல்லவருவது. போதகர் மூன்றில் நடுவில் இருப்பதை மட்டும் பிடுங்கித் தடைச்சட்டம் ஆக்குகிறார். முன்னால் இருக்கும் சடை என்ன ஆயிற்று? அவர் சபைப் பாடகர் குழுப் பெண்கள் எண்ணெய் தேய்த்துப் படிய வாரிச் சடை பின்னித்தான் வருகிறார்கள். பார்க்க லட்சணமாகவும் இருக்கிறது. பின்னால் இருக்கும் ஆடை? நம் தமிழ் வேதாகமத்தில் அது 'உயர்ந்த' வஸ்திரம். கிரேக்க மூலத்தில் அந்த 'உயர்ந்த' கிடையாது, வெறுமனே ஆடை உடுத்துவது என்றுதான் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் தடை என்று எடுத்துக்கொண்டால் என்ன கதி ஆகும் என்று பாருங்கள். நல்லவேளை, மொழிபெயர்த்தவர்கள் ஒரு சொல்லைச் சேர்த்து நம் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒரே வசனத்தில் மூன்று காரியம். அதில் ஒன்று மட்டும் சட்டம், மற்ற இரண்டும் சும்மா என்றால், சட்டம் போட்டது பேதுரு இல்லை, போதகர்.

அடுத்தது பொன் கன்றுக்குட்டி. காதணிகளை உருக்கித்தான் ஆரோன் அதைச் செய்தான், ஆகவே காதணி விக்கிரகத்தின் விதை என்கிறார். யாத்திராகமம் 32-ஆம் அதிகாரம். அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது. மூன்று அதிகாரம் தள்ளி, 35-ல், அதே ஜனங்கள் அதே மாதிரிக் காதணியும் மோதிரமும் கொண்டுவந்து குவிக்கிறார்கள், ஆசரிப்புக் கூடாரம் செய்ய. கர்த்தர் அதை வேண்டாம் என்று தள்ளவில்லை. ஆதியாகமம் 24-ல் ஆபிரகாமின் வேலைக்காரன் கிணற்றடியில் ரெபெக்காளுக்கு அரைச் சேக்கல் எடையில் பொன்னணியும், பத்துச் சேக்கல் எடையில் இரண்டு கடகங்களும் போடுகிறான். போட்ட கையோடு தலைகுனிந்து கர்த்தரைத் தொழுகிறான். நம் போதகர் அந்தக் கிணற்றடியில் நின்றிருந்தால் ஈசாக்குக்குக் கல்யாணமே நடந்திருக்காது. கெட்ட குமாரன் வீடு திரும்பியபோது தகப்பன் அவன் கைக்கு மோதிரம் போடச் சொன்னான் என்று கதை சொன்னவர் யார் என்பதை நான் போதகருக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை.

பொட்டுக்கும் பூவுக்கும் அவர் வசனமே தரவில்லை. புறஜாதிப் பழக்கம் என்று ஒரு வார்த்தையோடு கடந்துபோகிறார். நானும் கடந்துபோகிறேன்.

வெள்ளைக்கு மட்டும் வெளிப்படுத்தின விசேஷத்தைக் காட்டுகிறார். ஆட்டுக்குட்டியானவரின் மணவாட்டி வெண்மையான மெல்லிய வஸ்திரம் உடுத்தியிருக்கிறாள், உண்மைதான். ஆனால் 19-ஆம் அதிகாரத்தில் யோவான் அந்த வஸ்திரத்துக்கு அடுத்த மூச்சிலேயே அர்த்தமும் சொல்லிவிடுகிறார்: அது பரிசுத்தவான்களின் நீதிச் செயல்கள். போதகர் அர்த்தத்தை விட்டுவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டார். துணியின் நிறம்தான் அடையாளம் என்றால் சுவிசேஷகர் சாது சுந்தர் சிங்கை என்ன செய்வது? அவர் 1905-ல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற கொஞ்ச நாளில் காவி உடுத்தித் தலைப்பாகை கட்டிக்கொண்டு புறப்பட்டார். 1918-ல் அவர் தென்னிந்தியாவுக்கு வந்தபோது நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போய் அவர் பேசியதைக் கேட்டார்கள். இன்றைக்கு அவர் இந்தப் போதகரின் சபை வாசலுக்கு வந்தால், செருப்பு கழற்றும் இடத்தைத் தாண்டி உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம்.

புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் ஒரு வரலாற்றுப் பாடம் வருகிறது. நம் முற்பிதாக்களான மிஷனரிமார் இப்படித்தான் போதித்தார்கள், நாம்தான் வழுவிப்போனோம் என்கிறார். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை போதகர் நினைப்பதைவிடச் சுவாரசியமானது.

தஞ்சையில் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இருந்தார். பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்ற புலவர். இன்றைக்கும் நம் கோயில்களில் பாடுகிற கீர்த்தனைகள் பல அவருடையவை. 1820-களில் புதிதாக வந்த மிஷனரிமார், கல்யாணத்திலும் சாவிலும் பூ கூடாது, ஆராதனையில் தமிழ் இசை கூடாது, சாதியும் கூடாது என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சபைமுன் வைத்தார்கள். சாஸ்திரியார் வெகுண்டு எழுந்தார். பூவுக்காகவும் பாட்டுக்காகவும் மட்டும் போராடியிருந்தால் அவரை நான் தோளில் தூக்கி வைத்துக்கொள்வேன். அவர் சாதிக்காகவும் சேர்த்தே போராடினார். அங்கே அவரை விட்டு விலகுகிறேன். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதியை உடனே, முழுசாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதி விஷயத்தில் பேராயர் சொன்னது நியாயம். இருநூறு வருஷம் கழித்தும் நியாயம்தான்.

ஆனால் அந்த மூட்டைக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். மல்லிகைப் பூவையும் சாதியையும் ஒரே தராசுத் தட்டில் வைத்து, இரண்டும் ஒரே மாதிரிப் பாவம் என்று சொன்னால், கேட்கிறவன் எது இலேசோ அதைத்தான் கீழே போடுவான். பூவைப் போட்டுவிட்டோம். எத்தனையோ சபைகளில் பொட்டும் போயிற்று, நகையும் போயிற்று. சாதி மட்டும் திருமண வரன் விளம்பரத்தில், பெயருக்கு முன்னால் ஞானஸ்நானச் சான்றிதழோடு, நன்றாக உட்கார்ந்திருக்கிறது. முற்பிதாக்களிடமிருந்து போதகர் படித்திருக்க வேண்டிய பாடம் இது. அவர் அவர்களுடைய பட்டியலை மட்டும் படித்தார், அதிலும் சாதியை அடித்துவிட்டு.

கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-ல் கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகக் கோயில் கட்டி, வெள்ளாளர் ஒரு கிளையிலும் நாடார் முதலானவர்கள் மறு கிளையிலும் உட்கார்ந்து, நடுவில் சுவர் வைத்து ஒரே பூசை கண்டார்கள். பிற்பாடு குருமார் அந்தச் சுவரை இடித்தபோது, அதை மறுபடி எழுப்பக் கேட்டு வழக்குப் போட்டு உயர் நீதிமன்றம்வரை போனவர்களும் கிறிஸ்தவர்கள்தான். தோற்றார்கள். அது அவர்கள் சபை என்று போதகர் கை கழுவக் கூடும். சரி, எங்கள் வீட்டுக் குப்பையையே சொல்கிறேன். 1947-ல் எல்லாரும் ஒன்றாவோம் என்று சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் ஜெபித்து உருவான எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில், திருமண்டலத் தேர்தல் வந்தால் எந்த அணியில் எந்தச் சாதி என்று டீக்கடையில் இருக்கும் இந்து நண்பர் எனக்கே சொல்லித்தருகிறார். இதில் எங்களுக்கு வெட்கம் இருக்கிறது. போதகரின் பதினாறு பக்கத்தில் 'சாதி' என்ற சொல் ஒரு இடத்திலாவது வருகிறதா என்று தேடினேன். இல்லை.

"அப்படியானால் வெளி அடையாளமே வேண்டாம் என்கிறாயா?" என்று போதகர் கேட்பார். கேட்டிருக்கிறார், பதிமூன்றாம் பக்கத்தில், என்னைப் போன்றவர்களை மடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு. நான் அப்படிச் சொல்லவில்லை. திருவிதாங்கூரில் நாடார் கிறிஸ்தவப் பெண்கள் மேலாடைக்காக எத்தனை வருஷம் அடிபட்டார்கள்? சந்தையில் துணியைக் கிழித்தார்கள், கோயில்களைக் கொளுத்தினார்கள். 1859-ல்தான் அரசர் எல்லா நாடார் பெண்களும் மார்பை மூடிக்கொள்ள அனுமதித்தார், அதையும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தத் துணி ஒரு வெளி அடையாளம்தான், ஆனால் 'நானும் மனுஷி' என்று ஒரு பெண் தன் உடம்பின்மேல் தானே எழுதிக்கொண்டது. அதற்கு நேர்மாறாக இன்னொன்றும் நடந்தது. 1915-ல் புலையர் தலைவர் அய்யங்காளி அழைத்ததன்பேரில் கொல்லத்தில் கூடிய புலையர் பெண்கள், அடிமை அடையாளமாகக் கழுத்தில் கிடந்த கல்மாலைகளை அறுத்துக் குவித்தார்கள். ஓரிடத்தில் அணிந்துகொண்டதும் விடுதலை, இன்னோரிடத்தில் கழற்றியதும் விடுதலை. இரண்டு இடத்திலும் முடிவெடுத்தவர்கள் அந்தப் பெண்கள். நம் போதகரின் சபையில் அந்த முடிவை எடுப்பவர் மேடையில் மைக் பிடித்து நிற்கிறார்.

பவுலும் இதில் இப்படித்தான் நடந்தார். தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்தார், தீத்துவுக்குச் செய்ய விடவில்லை. முன்னுக்குப் பின் முரணாகத் தெரியும். தீமோத்தேயு விஷயத்தில் அது யூதர்களிடையே ஊழியத்துக்குத் தடை வராமல் இருக்கச் செய்துகொண்ட காரியம். தீத்து விஷயத்தில் இது இல்லாவிட்டால் நீ முழுக் கிறிஸ்தவன் இல்லை என்று சிலர் வாசலில் நின்று வரி கேட்டார்கள். வரி என்று ஆனதும் பவுலுக்கு வந்த கோபம் கலாத்தியர் நிருபம் முழுக்கக் கொதிக்கிறது. கொஞ்சம் கெட்ட வார்த்தை என்று சொல்லத்தக்க ஒரு வசனமும் அதில் உண்டு. ஐந்தாம் அதிகாரத்தில் தேடிக்கொள்ளுங்கள். மெய்யான யூதன் உள்ளத்திலே யூதன், மெய்யான விருத்தசேதனம் இருதயத்தில் நடப்பது என்று ரோமருக்கு எழுதியவரும் அவரேதான். கத்தி வைத்திருந்த கையைத் தடுத்தவருடைய வார்த்தைகளைப் படித்துவிட்டும் காதைத் தடவிப் பார்க்கிற சாமர்த்தியம் நம் காலத்துக்கே உரியது.

சமாரியப் பெண்ணின் கதையைப் போதகர் தம் தலைப்புக்கே எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆவியோடும் உண்மையோடும் ஆராதிப்பது என்ற பேச்சு யோவான் 4-ல் அவளிடம்தான் நடந்தது. எந்த மலையில் தொழுவது, இதுவா எருசலேமா என்று அவள் கேட்டாள். இயேசு இரண்டையும் ஒதுக்கிவைத்தார். ஐந்து புருஷர்களோடு இருந்தவள், ஆறாவதாக ஒருவனோடு வாழ்கிறவள், யூதர் கூடப் பேசாத ஜாதிக்காரி. அவளிடம் அவர் முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர். அவள் காதில் என்ன கிடந்தது என்று யோவான் எழுதவில்லை. அதைக் கவனிக்க அவருக்கு நேரம் இல்லை போலும்.

போதகர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. ஆரம்ப கால எழுப்புதல் கூட்டங்களில் நகையைக் கழற்றியதற்குப் பின்னால் நல்ல எண்ணம் இருந்தது. கழுத்து நிறையப் பொன்னோடு வந்தவளும் கயிறு மட்டும் கட்டியவளும் ஒரே பாயில் சமமாக உட்காரலாம். ஏழைக்குக் கூச்சம் இல்லை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சமத்துவம் இப்போது எந்தப் பாயில் இருக்கிறது? முதல் வரிசையில் உட்காரும் சகோதரர் கையில் தங்க நிறக் கைக்கடிகாரம் மின்னுகிறது. கேட்டால் அது நகை இல்லையாம், மணி பார்க்கவாம். சகோதரியின் வெள்ளைச் சேலை பட்டு. வாசலில் நிற்கிற காரை ஓட்டிவந்தவருக்கு மரியாதை ஒன்று, பஸ்ஸில் வந்தவருக்கு மரியாதை வேறு. பொன் போன இடத்தில் ஏற்றத்தாழ்வு வேறு சட்டை போட்டுக்கொண்டது.

இப்போது என் வீட்டுக் கதை. என் பெரியம்மா பீடி சுற்றியே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். கணவர் இல்லை. வருஷக்கணக்காகச் சீட்டுப் போட்டு அரைப் பவுனில் ஒரு கம்மல் வாங்கினார். அவர் சொத்து அதுதான், அவசரத்துக்கு அடகு வைப்பதும் மீட்பதும் அதைத்தான். உடம்பு முடியாமல் கிடந்தபோது ஒரு ஜெபவீட்டுக்காரர்கள் வந்து அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நன்றியில் அங்கேயே போக ஆரம்பித்தார். முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றதும் அந்த ஜெபவீட்டுப் போதகர் காதைக் காட்டினார். பெரியம்மா கழற்றினார். கழற்றிய கம்மல் 'ஊழியத்துக்கு' என்று காணிக்கைப் பையில் போயிற்று. அக்கம்பக்கத்தில் வெறுங்காதோடு நடந்தால் பார்க்கிறவர்கள் பரிதாபப்படுகிறார்கள் என்று, தூர்ந்துபோகாமல் இருக்கத் துளையில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் அந்தக் குச்சியையும் எடுத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போவார். வந்ததும் மறுபடி செருகிக்கொள்வார். குச்சி நகையா இல்லையா என்று கேட்கப் பயம்.

இரண்டு வருஷம் கழித்து அதே ஜெபவீட்டில் பணக்கார விசுவாசி ஒருவரின் மகனுக்குக் கல்யாணம். மணப்பெண் கழுத்தில் குண்டுமணிப் பொன் கிடையாது. எல்லாரும் சாட்சி சொன்னார்கள். நகை போடாத சபை என்பதால் நகைக்குரிய தொகை ரொக்கமாகக் கைமாறியது. கூடவே ஒரு பிளாட், அதற்கான பத்திரம். இவை மாப்பிள்ளை வீட்டில் உறுதி செய்யப்பட்ட அன்று அந்தக் காரியம் நல்லபடியாக நடக்க ஜெபம் பண்ணியவரும் அதே போதகர். வரதட்சணைத் தடுப்புச் சட்டம் இந்த நாட்டில் 1961-ல் வந்தது. ஆமோஸும் ஏசாயாவும் அதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கும் முன்னால், உங்கள் பண்டிகையும் பலியும் எனக்கு அருவருப்பு, நியாயத்தைச் செய்யுங்கள் என்று கடவுள் சொல்வதாகக் கத்தியவர்கள். ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் பத்தில் ஒரு பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு நியாயத்தையும் இரக்கத்தையும் விட்டவர்களைப் பார்த்து இயேசு என்ன சொன்னார் என்பது மத்தேயு 23-ல் இருக்கிறது. கொசுவும் ஒட்டகமும் வருகிற இடம். போதகர் பிரசங்கத்துக்கு அந்த அதிகாரத்தை எடுப்பதில்லை என்று அவர் சபைக்காரர் ஒருவரே சொன்னார்.

அரைப் பவுன் கம்மல் தடுத்த ஆராதனையை ஒரு பிளாட்டுப் பத்திரம் தடுக்கவில்லை. இதற்குப் போதகர் பதில் சொல்ல வேண்டும். கம்மலைக் கேட்டால் கொடுக்கக்கூடியவள் பீடி சுற்றுகிறவள். கொடுத்துவிடுவாள், எதிர்த்துப் பேச மாட்டாள். பத்திரத்தைக் கேட்டால் மாதா மாதம் பெரிய தொகையாகத் தசமபாகம் போடுகிறவர் அடுத்த ஞாயிறு வேறு சபைக்குப் போய்விடுவார். பரிசுத்தத்தின் எல்லை எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதை இந்த ஒரு கணக்கு சொல்லிவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் போதகர் கேட்கிறார்: அடையாளம் இல்லாவிட்டால் நம்மை உலகத்தார் எப்படி அறிவார்கள்? அதற்கும் இயேசுவே விடை கொடுத்துவிட்டுப் போனார், யோவான் 13-ல். ஒருவரில் ஒருவர் அன்பாக இருந்தால் அறிவார்கள் என்றார். அது வாசலில் நின்று சோதிக்கக் கஷ்டமான அடையாளம், ஒத்துக்கொள்கிறேன்.

போதகர் ஐயா, உங்கள் புத்தகத்துக்கு அடுத்த பதிப்பு வருகிறதாம். இன்னும் ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஆண்களைப் பார்த்து இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: கல்யாணத்துக்கு எவ்வளவு வாங்கினாய், உன் மகளை வேறு சாதி விசுவாசிக்குக் கொடுப்பாயா. பதில் சொல்லாதவருக்கும் திருவிருந்து இல்லை என்று அதே தடித்த எழுத்தில் போடுங்கள். அந்த ஒரு பக்கத்துக்கான அச்சுக்கூலியை நான் தருகிறேன்.